பதினோராவது வரி

படிவத்தில் பத்து வரி.
முக்கூடலில் வீடு வீடாக அதை வாசிப்பது என் வேலை.
கர்ப்பத்தில் இரண்டு தடவை கையிலிருந்து ரத்தம்,
பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து ஒரு கரண்டி.
புகையிலைத் தூசி பிள்ளை வரைக்கும் போகிறதா என்று
பார்க்கப் போகிறார்கள்.
ஏழாவது வரியில் என் குரல் எப்போதும் கொஞ்சம் இறங்கும்:
'இதனால் உங்களுக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லை.'

மறுத்தால் காரணம் எழுதக் கட்டம் நான்கு.
பயம். நேரமில்லை. வீட்டில் சம்மதமில்லை. மற்றவை.

சுயம்புகனி சொன்னாள்,
'பீடிக்கடையில தெரிஞ்சா எனக்கு இலையக் குறைச்சிருவாவ.'
அது பயமா, மற்றவையா?
ரஹ்மத் நிஷா ஒன்றும் சொல்லவில்லை.
போன வருஷம் எட்டாம் மாசத்தில் நின்றுபோன ஒன்றின்
ஸ்கேன் தாளை எடுத்துக் காட்டினாள்.
பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்து
அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.
நான்கு கட்டத்தையும் காலியாக விட்டேன்.
'விடுபட்ட தகவல்' என்று சிவப்பில் திரும்பி வந்தது.

சொர்ணக்கிளி இரண்டாம் வரியிலேயே பேனாவை வாங்கிவிட்டாள்.
முழுசாகக் கேளுங்கள் என்றேன்.
'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்.
மாட்டேன்னா பேறுகாலப் பணம் வராதாமே?'
வரும் என்றேன். கட்டாயம் வரும்.
தலையை ஆட்டினாள், நம்பாமல்.
கையெழுத்துப் போட்டு, பேனாவுக்கு மூடி போட்டுத் தந்தாள்.
அன்றைய கணக்கில் அவள் ஒருத்திதான் 'சம்மதம்'.
ராத்திரி, மறுத்த இரண்டு பேரும் என்னைத் தூங்க விட்டார்கள்.
இவள் விடவில்லை.
மறுநாள் போய் முதலிலிருந்து வாசித்தேன்.
மறுபடியும் இரண்டாம் வரியில் கையை நீட்டினாள்.

முப்பிடாதிக்கு ஏழு மாசம்.
மடியிலிருந்த சுளவு முட்டு வரை தள்ளிப் போயிருந்தது;
எட்டி எட்டி இலை எடுத்துச் சுற்றினாள்.
நான் வாசித்து முடிப்பதற்குள் இருபத்தைந்து சேர்ந்து
ஒரு கட்டு விழுந்தது.
ஏழாவது வரியில் மட்டும் கை நின்றது.
'எனக்குப் பலன் இல்லங்கீய. பிள்ளைக்கு?'
இல்லை.
'பின்ன யாருக்கு?'
பின்னால் வரப்போகிற பிள்ளைகளுக்கு இருக்கலாம்.
'யாரு பெறப்போற பிள்ளையோ' என்றாள்.
திரும்பச் சுற்ற ஆரம்பித்தாள்.
இன்னொரு கட்டு. நான் எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது
கறை படிந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
'ரத்தம் என்னது. தூசி அவியளது.
முடிவு யாருது?'

பத்து வரியிலும் தேடினேன், நானே மனப்பாடமாக வைத்திருந்தும்.
அவளே எழுதினாள், கையெழுத்துக்குக் கீழே:
'முடிவை என்னிடம் வந்து சொல்ல வேண்டும்.
நல்லதானாலும் கெட்டதானாலும்.'

கூடுதலாக எழுதிய படிவம் செல்லாது என்றது அலுவலகம்.
புதுசு ஒன்று கொண்டுபோனேன்.
'வாசிக்காண்டாம், தெரியும்லா' என்றாள்.
கையெழுத்து. அதன் கீழே அதே வரி,
இந்தத் தடவை கொஞ்சம் பெரிய எழுத்தில்.

ஐப்பசி மழையில், விடியுமுன், பெண் பிறந்தது.
நர்ஸ் குழாயை நீட்டியபோது
கட்டிலிலிருந்து ஒரு குரல்:
'ஏட்டி, ஞாபகம் இருக்குல்லா?'

ஐஸ்பெட்டியோடு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.
'பெட்டியில என்ன, மீனா?' என்கிறார் கண்டக்டர்.
இல்லை என்கிறேன்.
லக்கேஜ் போடலாமா என்று பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு
அடுத்த சீட்டுக்கு நகர்கிறார்.
உள்ளே ஒரு கரண்டி, எண் நாற்பத்தொன்று.
பையில் இரண்டு படிவம், இரண்டும் செல்லாதவை.
படிவத்தைத்தான் முதலில் நீட்டப் போகிறேன்.
அவர்கள் அதை வாங்கி வாசிக்கிற வரைக்கும்
பெட்டி என் மடியில் இருக்கட்டும்.
மடி இப்போதே விறைத்துவிட்டது.